வாசிச்சாச்சு, வெளங்குச்சா? – அடம்பன் ஊரைப் பற்றிய ஒரு வாசிப்புப் பாடம்



மலை வேலை முடித்து, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பீலியில் கைகால் கழுவி ஒரு தாய் லயத்துக்கு வருகிறார். உள்ளே மகள் தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கும் குரல் கேட்கிறது. தடுமாற்றமே இல்லை. தாய்க்கு மனம் குளிர்கிறது. “நான் படிக்காட்டியும் என் புள்ள நல்லா படிக்குது” என்று நினைத்துக்கொள்கிறார்.

ரொட்டி சுடும்போது ஒரு பேச்சுக்குக் கேட்கிறார்:

“என்னா பாப்பா, அந்தப் பாடத்துல என்னா சொல்லியிருக்கு?”

மகள் புத்தகத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்குகிறாள்.

“வாசிக்க வேணாம்மா. வாயால சொல்லு.”

மகளிடமிருந்து பதில் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. அநேகமான வீடுகளில் நடப்பதுதான். அந்தப் பிள்ளை சோம்பேறியும் அல்ல, மந்த புத்தியும் அல்ல. எழுத்தைச் சத்தமாக மாற்ற அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சத்தத்தைக் கருத்தாக மாற்ற யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

பாடசாலையில் இதைக் ‘கிரகித்தல்’ என்பார்கள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலும், சாதாரண தரத் தமிழ் வினாத்தாளிலும் ஒரு பந்தியைக் கொடுத்து வினாக் கேட்பது இதைச் சோதிக்கத்தான். தமிழுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளையும் வசனக் கணக்கில் பிழை விடுவது, வினாவை வாசித்துவிட்டு விளங்காமல் விடுவதனால்தான்.

நான்கு துணைகள்

எழுத்துக்கூட்டி நன்றாக வாசிப்பார்கள், ஆனால் கருத்துப் பிடிபடாது. அமெரிக்காவிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆன் மேரி பலின்சார், ஆன் பிரவுன் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட மாணவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, 1984ஆம் ஆண்டு அதன் பலனை வெளியிட்டார்கள். பயிற்சி மிக எளிமையானது. சிறு குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு பந்தியாக வாசிப்பது. முதலில் ஆசிரியர் கேள்வி கேட்டு வழி நடத்துவார். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் முறை வைத்து ‘ஆசிரியர்’ ஆகும். சில வாரங்களில் அந்த மாணவர்களின் கிரகித்தல் நன்றாக முன்னேறியது.

அவர்கள் செய்தது நான்கே காரியங்கள்:

1. ஊகித்தல் – இனி என்ன வரும் என்று நினைத்துப் பார்ப்பது.
2. கேட்டல் – வாசித்ததில் இருந்து கேள்வி உண்டாக்குவது.
3. தெளிதல் – விளங்காத சொல்லில், வரியில் நின்று விளங்கிக்கொள்வது.
4. சுருக்கிச் சொல்லல் – புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வாயால் சொல்வது.

இந்த நான்கையும் நாமும் ஒரு பந்தியில் செய்து பார்ப்போம். பாடத்துக்கு மன்னார் மாவட்டத்தின் அடம்பன் ஊரை எடுத்துள்ளோம். தேயிலைத் தோட்டத்துக்கும் அடம்பனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அதுவும் பாடத்தில் வரும்.

வாசிப்புப் பகுதி: குளம் வாழ வைக்கும் ஊர்

(அ) மன்னார்த் தீவைக் கடந்து பெருநிலப் பக்கம் வந்தால் மாந்தை மேற்குப் பிரிவு இருக்கிறது. அங்குள்ள ஊர்களில் ஒன்று அடம்பன். இவ்வூர் மக்களில் அநேகர் நெல் விவசாயிகள். ஆனால் மன்னாரில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையையே அவர்கள் பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

(ஆ) வயல்களுக்கு நீர் தருவது கட்டுக்கரைக்குளம். அருவி ஆறு அனுராதபுரப் பக்கமிருந்து ஓடி வந்து மன்னாருக்குத் தெற்கே கடலில் சேருகிறது. வழியில் தேக்கம் என்னும் இடத்தில் அணை கட்டி, ஆற்று நீரின் ஒரு பங்கை வாய்க்கால் வழியாகக் குளத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். பெரிய குளத்தின் நீர் பல சிறு குளங்களுக்கும், அங்கிருந்து வயல்களுக்கும் போகிறது.

(இ) கட்டுக்கரைக்குளம் பண்டைய அரசர் காலத்தது. பிற்காலத்தில் அது கவனிப்பாரின்றிப் பாழடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் ஆட்சியில் அது திருத்தப்பட்டது.

(ஈ) 2008ஆம் ஆண்டு அடம்பன் பகுதியில் கடும் போர் நடந்தது. மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதம் போர் முடிந்தது. அதன் பின் திரும்பி வந்த குடும்பங்கள், பற்றைக்காடாகிக் கிடந்த நிலத்தைத் துப்புரவு செய்து மீண்டும் நெல் விதைத்தன.

முதலாவது: ஊகித்தல்

பந்தியைத் தொடங்குமுன் தலைப்பை மட்டும் வாசித்து நிற்க வேண்டும். “குளம் வாழ வைக்கும் ஊர்” என்று இருக்கிறது. பிள்ளையிடம் கேளுங்கள்: “குளம் எப்புடி ஒரு ஊர வாழ வைக்கும்?” பிள்ளை, “மீன் பிடிப்பாங்க” என்று சொல்லலாம். “குடிக்கத் தண்ணி” என்று சொல்லலாம். சரியோ பிழையோ பரவாயில்லை. பதில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கும் பிள்ளை, அது சரிதானா என்று தேடிக்கொண்டே வாசிக்கும். தேடுகிறவன் கண்ணுக்குத்தான் பொருள் அகப்படும்.

அடுத்ததாக, “மன்னார்னா ஒனக்கு என்னா தெரியும்?” என்று கேட்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் வீட்டில் உள்ள பாட்டி, தாத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள். நம்முடைய சம்பந்தம் இங்கேதான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த நம் முன்னோரில் பெருந்தொகையானோர் தோணிகளில் மன்னார்க் கரையில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் அநேகர். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், அதனோடு சேர்ந்த ரயிலும் ஓடத் தொடங்கியது அதற்கெல்லாம் பின்னால்தான். அடம்பன் இருக்கும் அந்த மன்னார்ப் பெருநிலத்தைக் கடந்துதான் மலைநாட்டுக்கு வழி.

இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு ‘பெருநிலம்’ என்ற சொல் இனி வெறும் சொல் அல்ல. தன் பூட்டனும் பூட்டியும் நடந்த நிலம். தெரிந்ததோடு சேர்த்து வாசித்தால் தெரியாதது மனத்தில் ஒட்டும். எழுத்து தெரியாத பாட்டியும் வாசிப்புக்கு உதவ முடியும் என்பதையும் இங்கே கவனியுங்கள்.

இரண்டாவது: கேட்டல்

புத்தகத்தில் உள்ள வினாவுக்கு விடை தேடுவது ஒரு பழக்கம். தானே வினா உண்டாக்குவது அதைவிட மேலான பழக்கம். வினாக்கள் மூன்று வகைப்படும்.

ஒன்று, *வரியில் உள்ள வினா*. “ஆற்று நீரைத் திருப்ப எந்த இடத்தில் அணை கட்டியுள்ளனர்?” விடை ஒரே வரியில் இருக்கிறது: தேக்கம். விரலை வைத்துக் காட்டலாம். நம் பிள்ளைகள் இந்த வகையில் கெட்டிக்காரர்கள்.

இரண்டு, *வரிகளைச் சேர்க்கும் வினா*. “அனுராதபுரப் பக்கம் மழை பொய்த்தால் அடம்பன் விவசாயி ஏன் கவலைப்பட வேண்டும்?” இதற்கு விடை எந்த ஒரு வரியிலும் இல்லை. ஆறு எங்கிருந்து வருகிறது என்பது ஒரு வரி. ஆற்று நீர் குளத்துக்குத் திருப்பப்படுகிறது என்பது இன்னொரு வரி. குளத்து நீர் வயலுக்குப் போகிறது என்பது மூன்றாவது வரி. மூன்றையும் சேர்த்தால்தான் விடை வரும். அங்கே மழை குறைந்தால் ஆற்றில் நீர் குறையும், குளத்துக்கு வரவு குறையும், வயல் வாடும். பரீட்சையில் பிள்ளைகள் புள்ளி இழப்பது இந்த வகையில்தான். “விடை இதுல இல்ல டீச்சர்” என்பார்கள். இருக்கிறது. ஆனால் கோர்த்து எடுக்க வேண்டும்.

மூன்று, *நம் வாழ்க்கைக்கு வரும் வினா*. “மலை உச்சியில் உள்ள காட்டை வெட்டினால் நம் லயத்துப் பீலிக்கு என்ன ஆகும்?” அடம்பனில் குளம், நம்மிடம் ஊற்று. இரண்டுக்கும் தண்ணீர் தூரத்திலிருந்துதான் வருகிறது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அந்தப் பாடத்தை லேசில் மறக்காது.

ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வகைக்கு ஒன்றாக மூன்று வினா உண்டாக்கப் பழக்குங்கள். ஆரம்பத்தில் எல்லாம் முதல் வகையாகவே வரும். கொஞ்ச நாளில் இரண்டாம் வகை வரத் தொடங்கும்.

மூன்றாவது: தெளிதல்

விளங்காத சொல் வந்தால் நம் பிள்ளைகள் வேகமாகத் தாண்டிப் போவார்கள். நிற்பது வெட்கம் என்று நினைக்கிறார்கள். நிற்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பென்சிலால் அடியில் சிறு கோடு போடட்டும்.

பின்பு, சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘பற்றைக்காடு’ தெரியாது என்று வைப்போம். “கிடந்த நிலத்தைத் துப்புரவு செய்து மீண்டும் விதைத்தன” என்று பின்னால் வருகிறது. ஆள் இல்லாத நிலத்தில் வளர்ந்து, வெட்டித் துப்புரவாக்க வேண்டியது எது? செடி கொடி மண்டிய புதர். கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மலையை நினைத்தால் போதும். அகராதி பார்க்காமலே பொருள் கிடைத்துவிட்டது. உறுதி செய்ய அகராதியைப் பார்க்கலாம், டீச்சரைக் கேட்கலாம்.

தெரிந்த சொல்லும் ஏமாற்றும். ‘தேக்கம்’ என்றால் தேங்கி நிற்பது என்று நமக்குத் தெரியும். இங்கே அது ஓர் இடத்தின் பெயர். “தேக்கம் என்னும் இடத்தில்” என்ற சொற்களைக் கவனித்தவருக்கே அது விளங்கும்.

இன்னும் ஒன்று. “கட்டுக்கரைக்குளத்தைக் கட்டியவர்கள் பிரித்தானியர் – சரியா, பிழையா?” என்று கேட்டால் அவசரமாக வாசித்த பிள்ளை “சரி” என்று சொல்லும். ஏனென்றால் ‘குளம்’, ‘பிரித்தானியர்’ இரண்டும் ஒரே பந்தியில் இருக்கின்றன. ஆனால் எழுதியிருப்பது ‘திருத்தப்பட்டது’ என்று. கட்டுவது வேறு, திருத்துவது வேறு. ஒரு சொல்லில் முழு விஷயமும் மாறிப்போகும்.

நான்காவது: சுருக்கிச் சொல்லல்

புத்தகத்தை மூட வேண்டும். பந்திக்கு ஒரு வசனம், அதற்கு மேல் வேண்டாம். நம் மகள் இப்படிச் சொல்லலாம்:

“அடம்பன் வெயில் ஊரு, ஆனா நெல்லு விதைக்கிறாங்க. ஆத்துத் தண்ணிய கொளத்துக்குத் திருப்பி வயலுக்கு விடுறாங்க. கொளம் ரொம்பப் பழசு, பாழாப் போயி வெள்ளக்காரன் காலத்துல திருத்துனாங்க. சண்டையில சனங்க போயிட்டாங்க, திரும்பி வந்து மறுபடி விதைச்சாங்க.”

பேச்சு வழக்கில் சொன்னாலும் பாதகமில்லை. முதலில் கருத்து வரட்டும், எழுதும்போது நல்ல தமிழில் எழுதலாம். புத்தக வரியை அப்படியே ஒப்பித்தால், “அது புத்தகத்துல இருக்கிறது. நீ சொல்லு” என்று கேளுங்கள்.

எழுத்து தெரியாத பெற்றோரும் சொல்லிக் கொடுக்கலாம்

“எங்களுக்கே கைநாட்டு. நாங்க எப்புடிங்க புள்ளைக்குச் சொல்லிக் குடுக்குறது?” என்று பெற்றோர் கேட்பார்கள். மேலே சொன்னதைத் திரும்பிப் பாருங்கள். வாசித்தது பிள்ளை. கேட்டது தாய். கேட்பதற்கு எழுத்து வேண்டியதில்லை. ஐந்து கேள்விகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டால் போதும்:

“தலைப்பப் பாத்தா எதப் பத்தி இருக்கும்னு நெனைக்கிற?”
“இதுல டீச்சர் என்னா கேள்வி கேப்பாங்க?”
“எந்தச் சொல்லு வெளங்கல?”
“நீ சொன்னது எந்த வரியில இருக்கு? வெரல வச்சுக் காட்டு.”
“பொஸ்தகத்த மூடிட்டு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.”

தாய்க்கு உண்மையிலேயே தெரியாது என்பது இங்கே ஒரு நன்மை. டீச்சருக்கு விடை தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியும். அம்மாவுக்கு விளங்க வைக்க வேண்டுமென்றால் தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிரேசில் நாட்டில் பாவுலோ பிரெய்ரே என்று ஒரு கல்வியாளர் இருந்தார். 1963ஆம் ஆண்டு அங்கிக்கோஸ் என்னும் ஊரில் சுமார் 300 ஏழைத் தொழிலாளருக்கு எழுத்துக் கற்பிக்கும் முயற்சியை நடத்தினார். அந்த மக்களின் வேலையிலும் வீட்டிலும் புழங்கும் சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றி முதலில் பேச விட்டு, கேள்வி கேட்க விட்டு, அதன் பிறகே எழுத்தைக் காட்டினார். தொழிலாளர் சில வாரங்களில் வாசிக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த இராணுவ ஆட்சி அவரைச் சிறையில் போட்டது; பிறகு அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. கேள்வி கேட்டு வாசிக்கும் தொழிலாளியைக் கண்டு அதிகாரம் எவ்வளவு பயந்தது என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை “தெரியல” என்றால் ஏசாதீர்கள். “சரி, அந்தப் பந்திய மட்டும் திரும்ப வாசிப்போம்” என்று சொல்லுங்கள். தினம் பதினைந்து நிமிடம் போதும். கேள்வி கேட்பது பொலிஸ் விசாரணை போல் ஆகிவிட்டால் பிள்ளை புத்தகத்தையே வெறுத்துவிடும்.

பரீட்சைக்கு மட்டுமா?

பிரட்டுக்களத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“எதிர்வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு டிஸ்பென்சரியில் கண் பரிசோதனை நடைபெறும். பெயர் பதிந்தவர்கள் மட்டும் பரிசோதிக்கப்படுவர். வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு முன் பதிய வேண்டும்.”

மகன் வாசித்துவிட்டு, “சனிக்கெழம கண்ணு பாக்குறாங்களாம்மா” என்கிறான். பாட்டியைக் கூட்டிக்கொண்டு அம்மா சனிக்கிழமை போகிறார். பேர் பதியவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். ஒரு நாள் பேரும் போச்சு, கண்ணும் பார்க்கவில்லை. மகன் வாசிக்காமல் இல்லை. ‘மட்டும்’, ‘முன்’ என்ற இரண்டு சிறு சொற்களில் நிற்கவில்லை.

‘மட்டும்’, ‘முன்’, ‘தவிர’, ‘அல்லது’, ‘தவறினால்’, ‘இல்லாவிடில்’ – இந்தச் சொற்கள் எங்கே வந்தாலும் வாசிப்பை நிறுத்தி, “இது யாருக்கு? எப்போது வரைக்கும்? செய்யாவிட்டால் என்ன?” என்று கேட்கப் பழக வேண்டும். மருந்துப் போத்தலிலும், சம்பளத் துண்டிலும் அப்படியே.

கடன் பத்திரத்தில் இன்னும் கவனம் வேண்டும். “சும்மா ஒரு கையெழுத்துத்தானே” என்று பக்கத்து வீட்டுக்காரருக்காகப் பிணையாளியாகக் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு அடுத்தவர் கடனுக்குத் தன் சம்பளத்திலிருந்து கட்டும் நிலைமை ஏற்படலாம். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, படிக்கிற பிள்ளையை உட்கார வைத்து, மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். “சுருக்கமா சொல்லு” என்ற கேள்விக்குப் பதில் வராத கடதாசியில் கையெழுத்து வேண்டாம். விளங்கிய பிறகு வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சேர்ந்து வாசிப்போம்

அடம்பன் என்பது ஒரு கொடிக்கும் பெயர். கடற்கரை மணலில் படர்ந்து ஊதாப் பூப் பூக்கும். தனிக் கொடியைச் சின்னப் பிள்ளையும் பிய்த்துவிடும். பல கொடிகள் பின்னிப் படர்ந்தால் காற்றில் பறக்கும் மணலையே பிடித்து நிறுத்தும். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று நம் பெரியோர் சொன்னது அதனால்தான்.

உங்கள் லயத்தில் நான்கு பிள்ளைகளைச் சேருங்கள். ஒரு பிள்ளை ஊகிக்கட்டும், ஒரு பிள்ளை கேள்வி கேட்கட்டும், ஒரு பிள்ளை விளங்காத சொல்லைப் பிடிக்கட்டும், ஒரு பிள்ளை சுருக்கிச் சொல்லட்டும். அடுத்த பந்திக்கு வேலையை மாற்றிக்கொள்ளட்டும். கிழமைக்கு இரண்டு மாலை போதும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, “வெளங்குச்சா?” என்று மட்டும் கேட்டால் சரி.

பயிற்சி

மேலே உள்ள வாசிப்புப் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசித்து விடை எழுதுக.

1. அருவி ஆறு எங்கே கடலில் சேருகிறது?
2. “அடம்பனில் ஆண்டு முழுவதும் நல்ல மழை.” சரியா, பிழையா? எந்த வரியால் அறிந்தீர்?
3. திரும்பி வந்த மக்கள் உடனே விதைக்க முடியாமற் போனது ஏன்?
4. பெரிய குளத்தோடு சிறு குளங்களும் இருப்பதால் விவசாயிக்கு என்ன நன்மை இருக்கலாம்?
5. இப்பகுதிக்கு வேறொரு தலைப்பு இடுக.

*விடைகள்:* 1. மன்னாருக்குத் தெற்கே. 2. பிழை, (அ) பந்தியில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் காலம் என்று உள்ளது. 3. ஆளில்லாமல் நிலம் பற்றைக்காடாகிவிட்டது. முதலில் துப்புரவு செய்ய வேண்டியிருந்தது. 4. நேரடி விடை பந்தியில் இல்லை. சிந்தித்து எழுத வேண்டும். உதாரணம்: வயலுக்குப் பக்கத்திலேயே நீரைச் சேர்த்து வைத்து, வேண்டிய நேரத்தில் பாய்ச்சலாம். 5. பொருத்தமான எதுவும் சரி. ஏன் அந்தத் தலைப்பு என்று வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டுங்கள். அம்மாவுக்கு விளங்கினால் முழுப் புள்ளி!